தலைக்கு வாடகை

"நாங்க எட்டு மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடிச்சிடுவோம்."

"நாங்கன்னா யாரு?"

"யாருன்னா?"

"நீ தனியாத்தானே இருக்கே. தனியா இருக்கறவ 'நான் முடிச்சிடுவேன்'னுதானே சொல்லணும்?"

"டீ குடிக்கற இடத்துக்கும் சிவப்புப் பேனாவைத் தூக்கிட்டு வந்துட்டியா? வாய் தவறிடுச்சு, விடேன்."

வாய் தவறியதாகச் சொன்னவள் கோப்பையை உதட்டருகே வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். பிறகு தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் மாடிப்படி இருந்தது. படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல், ஜன்னல் முழுக்க எதிர்க் கட்டடத்தின் சுவர். திரும்பிப் பார்க்கும்படி அங்கே எதுவும் இல்லை.

அது பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைநூல் போடும் ஒரு பதிப்பகம். கேள்வி கேட்டவள் மெய்ப்புப் பார்ப்பவள். தாள்கள் அச்சுக்குப் போகும் முன் அவற்றில் தவறு பொறுக்குகிறவள். "இது பிழை, அது பிழை" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பெயரே பிழை என்றாகிவிட்டது. பதில் சொன்னவள் பக்கம் வடிவமைப்பவள். ஓரத்தில் இடம் விடுங்கள் என்று எல்லோரிடமும் மல்லுக்கு நிற்பாள்; அவள் மார்ஜின். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே சம்பளம். மூன்று மாதத்துக்கு முன்பு வரை ஒரே பேருந்தில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்று வந்தவர்கள்.

இப்போது பிழை மட்டும் நின்று வருகிறாள். மார்ஜினுக்கு வீடு கிடைத்துவிட்டது.

ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு வீடு என்றால் சம்பளத்தில் முக்காலை அப்படியே விழுங்கிவிடும். மார்ஜின் கொடுப்பது கால். எப்படி என்று கேட்டால், "பழைய கட்டடம்டி" என்பாள். பிழையும் பழைய கட்டடங்களைப் பார்த்தவள்தான். பழசு என்பதற்காக யாரும் எதையும் குறைத்து அவள் கண்டதில்லை.

காலையில் மார்ஜின் உலர்ந்த கூந்தலோடு வருவாள். அதுதான் முதலில் உறுத்தியது. பிழையின் தலை மதியம்வரை ஈரமாகவே இருக்கும். விடியுமுன் குளித்து, முடிந்துகொண்டு, பேருந்துக்கு ஓடி வந்த ஈரம். மார்ஜினின் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும். மதியம் வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட்டு வருவாள். மெலிந்துகொண்டே வந்தாள், கண்ணுக்குக் கீழே கருமை இறங்கிக்கொண்டே வந்தது. பிழை அதையெல்லாம் பார்த்தாள், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்கும். இந்த வயிற்றெரிச்சலுக்கு அவள் தினமும் மார்ஜினின் காய்ந்த கூந்தலைப் பார்த்து இன்னும் கொஞ்சம் எரியவிட்டுக்கொண்டாள்.

இன்னொன்றும் இருந்தது. வீடு மாறிய நாளிலிருந்து மார்ஜின் அவளிடம் "நாம" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முன்பெல்லாம் "வா, நாம டீ குடிச்சிட்டு வரலாம்" என்பாள். இப்போது "நான் டீ குடிக்கப் போறேன். நீயும் வேணா வா" என்கிறாள். அந்த மாதம் பிழையின் மேசையில் இருந்தது நான்காம் வகுப்பு இலக்கணத் துணைநூல். நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. பக்கம் முப்பத்தொன்று. பெட்டிக்குள் போட்டு, பக்கத்தில் சிரிக்கும் முயல் படம் வைத்திருந்தார்கள். வடிவமைத்தவள் மார்ஜின்.

பிழை இருந்தது அண்ணன் வீட்டு ஹாலில். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நீளத்துக்கு, ஒரு ஆளுக்குச் சற்றுக் குறைந்த அகலத்துக்கு ஓர் இடம். நான்கு ஆண்டுகளாக அதுதான் அவள் அறை. எல்லோரும் எழுந்து போன பிறகு விரிப்பாள். எல்லோரும் எழுந்து வருமுன் சுருட்டுவாள். அண்ணன் அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணிக்கு மாசக் கடைசியில தேதி கொடுத்திருக்காங்க. அவங்கம்மாவும் வந்து தங்குவாங்க. பாப்பா வரப்போகுது பாப்பா. இடம் வேணும்ல?"

"எந்தப் பாப்பாவுக்கு?"

அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

"நாங்க ஒண்ணும் உன்னைப் போகச் சொல்லலை," என்றாள் அண்ணி. "உனக்குன்னு ஒரு இடம் பார்த்துக்கிட்டா உனக்கும் நல்லதுதானே?"

அங்கேயும் நாங்க.

பதினெட்டு நாள் இருந்தது. பிழை தேடினாள். வீட்டுத் தரகர் ஒருவர் அவளை ஆறு இடத்துக்குக் கூட்டிப்போனார். ஓர் இடத்தில் படுக்கையறை என்று அவர் காட்டியது, பலகை அடித்து மூடிய பால்கனி. இன்னொன்றில் அடுப்புக்கு எதிரே கட்டில் கிடந்தது. "படுத்துக்கிட்டே பால் பொங்குதான்னு பார்க்கலாம்மா. எல்லாருக்கும் இந்த வசதி கிடைக்குமா?" என்றார் தரகர், உண்மையாகவே மகிழ்ந்து. அதற்கும் சம்பளத்தில் முக்கால் கேட்டார்கள். நல்லதாக இருந்த ஒரே வீட்டின் சொந்தக்கார அம்மா, "குடும்பமா, தனியாளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலை முகத்திலேயே படித்துக் கதவைச் சாத்தினாள்.

ஒவ்வொரு கதவும் சாத்தப்பட்டபோது பிழைக்கு மார்ஜினின் வீடு நினைவுக்கு வந்தது. பார்த்திராத அந்த வீட்டை மனத்துக்குள் கட்டி வைத்திருந்தாள். அதில் வெளிச்சம் வேறு போட்டிருந்தாள்.

அந்த வீட்டுக்கு மழைதான் அவளை அழைத்துப் போனது. வியாழக்கிழமை மாலை சாலையில் முழங்கால் தண்ணீர். பேருந்து இல்லை என்றார்கள். மார்ஜினால் மறுக்க முடியவில்லை. மறுக்க வழி தேடி அவள் முகம் அலைந்ததைப் பிழை பார்த்துக்கொண்டேதான் குடையைப் பிரித்தாள்.

மூன்றாவது மாடி, நடைகூடத்தின் கடைசிக் கதவு. மார்ஜின் சாவியைப் போட்டுத் திருப்பியபோது, உள்ளே பேச்சு நின்றது. பேச்சு இருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆசிரியர் நுழைந்ததும் அடங்கும் வகுப்பறைபோல, கடைசியாக ஒரு மெல்லிய 'ச்சு' என்ற ஒலியோடு. மார்ஜின் செருப்பைக் கழற்றிக்கொண்டே காலியான ஹாலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆபீஸ் ஃப்ரெண்டு. மழை நின்னதும் போயிடுவா."

"யார்கிட்டடி சொல்றே?"

"பூட்டின வீட்டுக்குள்ள பேசிட்டே நுழையறது ஒரு பழக்கம்."

ஹால் பெரிதாக இருந்தது. பிழை கற்பனை செய்ததைவிடப் பெரிது. அதில் ஒரு நாற்காலியும், சுவரோரம் சுருட்டி வைத்த ஒரு பாயும் தவிர வேறு சாமான் இல்லை. சமையலறைப் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன, ஜன்னலுக்கு வெளியே ஈரமான தெருவிளக்குகள் வரிசையாக எரிந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் காலி ஹாலில் நிறைந்த பேருந்தின் வாடை அடித்தது: நனைந்த துணி, பலருடைய கழுத்து வியர்வை, நெடுநேரம் மூடியிருந்த வாய்களின் மூச்சு, யாரோ காலையில் பூசிய பவுடர் மாலையில் புளித்த நெடி. ஒன்றரை மணி நேரம் தினமும் இருமுறை அந்த வாடைக்குள் நின்றவளுக்கு அதைத் தவறாக அடையாளம் காண வழியே இல்லை. படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. கதவுக்கு மேலே இருந்த சிறு கண்ணாடி உள்பக்கமாக வியர்த்து, நீர்க்கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

மார்ஜின் துண்டு எடுக்கச் சமையலறைப் பக்கம் போனாள். பிழை கதவருகே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கதவு வெதுவெதுப்பாக இருந்தது, ஒருவர் முதுகைத் தொட்டதுபோல.

சத்தம் எதுவும் இல்லை. இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பலர் சேர்ந்து சத்தம் போடாமல் இருப்பதற்கு ஒரு சத்தம் உண்டு. அதற்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் பயம் வந்து உட்காருவதற்குள் அந்த இடத்தில் பொறாமை சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஓ, இதுதானா! நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள். கால்வாசியின் ரகசியம் இதுதான். யார் யாரையோ சேர்த்துக்கொண்டாள். ஒரே கம்பியைப் பிடித்து நின்றவளை மட்டும் சேர்க்கத் தோன்றவில்லை.

"உள்ளே யாரு?"

மார்ஜின் துண்டோடு நின்றாள். "யாரும் இல்லை."

"கதவைத் திற, பார்க்கலாம்."

"வேணாம்டி."

"எனக்கு ரூமெல்லாம் வேணாம். இந்த ஹால்ல ஒரு மூலை போதும். என் பங்கைக் கொடுத்துடறேன். பதினெட்டு நாள்ல பதினொண்ணு போயிடுச்சு, தெரியுமா உனக்கு?"

"இங்க இடமில்லை."

"இவ்வளவு பெரிய ஹால் காலியா கிடக்கு! கண்ணு தெரியலையா?"

மார்ஜின் துண்டை அவள் கையில் வைத்து அழுத்தினாள். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னாள். "நாங்க போதும். நாங்க மட்டும் போதும். நீ உன் வீட்டுக்குப் போ."

பிழை மழையிலேயே போனாள்.

மறுநாள் மதியம், மார்ஜின் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பிழை அந்தக் கட்டடத்தின் தரைத்தள அறையில் கட்டட மேலாளர் முன்னால் நின்றாள். அவர் கத்தி முனையால் தன் மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. வரும் வழியெல்லாம் அவள் சொற்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது.

"மூணாவது மாடி, கடைசி வீடு. ஒருத்திதான் இருக்கேன்னு எழுதிக் கொடுத்திருப்பா சார். பொய். உள்ளே ஆள் இருக்காங்க. நாலஞ்சு பேரு."

"நாலஞ்சா?" மேலாளர் லேசாகச் சிரித்தார். "பார்த்தீங்களா?"

"பார்க்கலை. கேட்டேன்."

"பார்க்காமலே எண்ணிட்டீங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும்மா. அந்த வீடு தலைக்கு வாடகை. ஆள் கூடக்கூட ஒருத்தர் பங்கு குறையும். அதனால அங்க யாரும் யாரையும் வேணாம்னு சொல்றதில்லை."

மார்ஜின் சொன்னாளே! தோழியைக் காட்டிக்கொடுத்த கூச்சம் தொண்டைவரை வந்திருந்தது. அது அப்படியே இறங்கிவிட்டது. "அப்ப எனக்கும் இடம் இருக்குமா?"

மேலாளர் அவளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை பார்த்தார், நாடா எடுக்கச் சோம்பல்படும் தையல்காரரைப்போல. "இருக்கும். ஒல்லியாத்தானே இருக்கீங்க."

அவர் எடுத்துக் கொடுத்த ஒப்பந்தத் தாள் மஞ்சளேறியிருந்தது. ஈய எழுத்தில் அச்சடித்தது. விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் தெரிந்தது. மேலே பெயர் எழுத ஒரு கோடு. கீழே மூன்றே வாக்கியம்.

*இவ்வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். வாடகையை நாங்கள் தலைக்குச் சமமாய்ப் பகிர்ந்துகொள்கிறோம். எங்கள் எண்ணிக்கை கூடலாம், குறையாது.*

பிழை பெயரை எழுதினாள். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இதுல தப்பு இருக்கு சார்."

"தப்பா?"

"கையெழுத்துப் போடற ஆளும் இதுல சேர்ந்ததுதானே? அப்ப 'நாங்கள்' வராது. 'நாங்கள்'னா நான் வெளியே நிக்கறேன்னு ஆகுது. 'நாம்'னு வரணும். இங்கே 'எங்கள்' இல்லை, 'நம்'."

மேலாளர் நெடுநேரம் அவளைப் பார்த்தார். "உங்க ஃப்ரெண்டு அப்படியேதான் போட்டாங்க."

"அவ எழுத்தைப் பார்ப்பா சார். வாசிக்க மாட்டா."

"அப்படியே போட்டாலும் இடம் உண்டும்மா. ஹால் உண்டு."

"தப்புன்னு தெரிஞ்சு எப்படி சார் போடறது?"

அவர் தோளைக் குலுக்கினார். "திருத்தினா பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து வேணும். ஒவ்வொரு திருத்தத்துக்கும்."

பிழை கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் 'நாங்கள்' மேல் ஒரு கோடு, மேலே 'நாம்', பக்கத்தில் சின்னக் கையெழுத்து. இரண்டாவது. பிறகு 'எங்கள்'. கடைசிச் சுழியை முடித்தபோது கட்டடத்தில் எங்கோ உயரத்தில், பல கால்கள் ஒரே சமயத்தில் தரையைத் தேய்த்து நகர்வதுபோல ஓர் ஓசை எழுந்து அடங்கியது. யாரோ சாமான் நகர்த்துகிறார்கள் என்று நினைத்தாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி அந்தத் திருகாணியை முறுக்கத் தொடங்கினார். அவள் கிளம்பும்வரை தலை நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணன் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு கட்டட வாசல்வரை வந்தான். மேலே வரவில்லை. "நல்ல ஏரியா பாப்பா. எப்படிப் பிடிச்சே?" என்று கேட்டான்; பைகளை இறக்கியதும் அவன் தோள் இரண்டும் ஒரு அங்குலம் உயர்ந்ததை அவள் பார்த்தாள். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே அன்று காலையிலேயே தொட்டில் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மேலாளர் கொடுத்த சாவியால் பிழை கதவைத் திறந்தாள். இந்த முறை உள்ளே பேச்சு நிற்கவில்லை. பேச்சே இல்லை. ஹாலின் நடுவில், விரித்த பாயில் மார்ஜின் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் கடைசி வெளிச்சம். எல்லா விளக்குகளையும் போட்டு வைத்திருந்தாள்.

பைகளைப் பார்த்தாள். பிழையைப் பார்த்தாள்.

"இதான் இடமில்லாத வீடா?" என்றாள் பிழை. மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள். "நீ இடமில்லைன்னே. கேட்டதும் கொடுத்துட்டாங்க. பயப்படாதே, உன் ரூமுக்குள்ள வர மாட்டேன்."

"என் ரூமா?" மார்ஜின் பாயைத் தட்டிக் காட்டினாள். "இதான்டி என் ரூம். மூணு மாசமா."

பிழைக்கு உடனே விளங்கவில்லை. அன்று சுவரோரம் சுருட்டியிருந்த அதே பாய். ஒரு ஆள் நீளம்.

"அப்ப உள்ளே?"

"அவங்க."

"யாரு அவங்க?"

"தெரியாது. வாடகை கொடுக்கறவங்க. வந்த அன்னிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். அப்புறம் பார்க்கலை. எட்டு மணிக்கு நான் தட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்தா, உள்ளேயும் மெல்ற சத்தம் கேட்கும். உள்ளே தட்டே கிடையாது." அவள் குரல் சாதாரணமாக இருந்தது, நீண்ட நாள் வலியைப் பற்றி மருத்துவரிடம் பேசுகிறவளின் குரல். "நான் பேசறதையெல்லாம் கேட்டுட்டே இருப்பாங்க. ஆபீஸ்ல பேசினாலும்."

"பைத்தியமா உனக்கு? அப்ப ஓடிப்போக வேண்டியதுதானே?"

"எங்கே?" மார்ஜின் நிஜமாகவே கேட்டாள். "கால்வாசியில வேற எங்கேடி வீடு இருக்கு?"

பிழை பைகளைக் கீழே வைத்தாள். ஆறு வீடு பார்த்தவள் அவள்.

"உன்கிட்ட 'நாம'ன்னு சொல்லக் கூடாதுன்னு எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன் தெரியுமா? டீ குடிக்கக்கூட. ஒரு தடவை வாய் தவறி 'நாம'ன்னுட்டா, அவங்க உன்னையும் சேர்த்து எண்ணிக்குவாங்களோன்னு. அதான் நாங்க, நாங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். உன்னை வெளியே வைக்கத்தான்."

மூன்று மாதம். வயிற்றில் மூட்டி வளர்த்த அந்த நெருப்பு சட்டென்று அணைந்தது. அணைந்த இடத்தில் குளிர்ந்தது. பிழை கைப்பையைத் திறந்து ஒப்பந்தத்தின் நகலை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சரிபார்த்துக்கொள்ள இருக்கலாம்.

மார்ஜின் வாங்கிப் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக ஒரு தாளை அவள் வாசிப்பதைப் பிழை பார்த்தாள். விரல் சிவப்புக் கோடுகள் மேல் ஊர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"யாருடி உன்னைத் திருத்தச் சொன்னா?"

"தப்பா இருந்துச்சு..."

"நான் போட்டது அப்படியே இருக்கு. நாங்கள்னு." மார்ஜின் நிமிர்ந்தாள். "அதனாலதான் எனக்கு ஹாலா?"

ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கால்கள் தேய்த்தன. நிறைய. மெதுவாக, பொறுமையாக, ஒருவருக்கொருவர் வழிவிடும் சத்தம். பிறகு அவள் பெயர். அலுவலகப் பெயர் இல்லை, அண்ணன் வைத்த பெயரும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிய முழுப் பெயர். யாரும் உரக்கக் கூப்பிடவில்லை. பல வாய்கள் சேர்ந்து மூச்சாக விட்டன. அன்பாக.

"வந்துட்டாளா? நம்ம ஆள் வந்துட்டாளா?"

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. வெப்பம். வாடை. ஹாலின் வெளிச்சம் உள்ளே நீண்டது.

கட்டில் இல்லை. அலமாரி இல்லை. தரையும் தெரியவில்லை. ஆட்கள். சுவரிலிருந்து சுவர்வரை. நின்றபடி. தோளோடு தோள், மார்போடு முதுகு. எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றார்கள். முதுகுகள் மட்டும். இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு சட்டை, அதன்மேல் ஒரு விரல் உயரத்துக்குத் தூசி. தோளில் பையை மாட்டியபடி ஒருத்தி. சீருடை அணிந்த ஒருவர். நரைத்த பின்னந்தலைகள், பின்னல்கள், வழுக்கை. கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. நெரிசலில் தூக்கப்பட்டு நின்றவர்களின் பாதங்கள் தரையைத் தொடவில்லை. கால் விரல்கள் கீழ்நோக்கித் தொங்கின. எல்லா முதுகும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

நடுவில் ஓர் இடம்.

காலியாக. கதவிலிருந்து நேராக. ஒரு ஆள் நிற்க. அவள் பார்க்கப் பார்க்க அவர்கள் இன்னும் ஒரு நூலிழை நகர்ந்துகொடுத்தார்கள், யாருடைய எலும்போ மெல்ல முறிந்தது, யாரும் முனகவில்லை. இடம் சரியாக இருந்தது. அவள் தோள் அகலம். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை. பிழையின் கால்கள் ஓடத் துடித்தன. மனம், அந்தப் பாவி மனம், அளந்துகொண்டிருந்தது. எந்த வீட்டிலும் யாரும் அவளுக்காக நகர்ந்து நின்றதில்லை. ஒருமுறைகூட.

முதுகுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை பின்னோக்கி நீண்டது. திரும்பாமலே. உள்ளங்கை விரிந்திருந்தது. நகங்கள் மட்டும் நீளமாக வளர்ந்து, மடங்கி, மீண்டும் வளர்ந்திருந்தன.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். மார்ஜினின் கையைப் பிடிக்க. ஓடிவிடலாம் என்று சொல்ல.

மார்ஜின் எழுந்து வந்து மிக அருகில் நின்றிருந்தாள். அவள் பிழையைப் பார்க்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் பளபளத்தன. தாடை இறுகியிருந்தது. அந்த முகத்தைப் பிழை நன்றாக அறிவாள். மூன்று மாதமாகப் பேருந்துக் கண்ணாடியில் தன்னுடையதாகத் தினமும் பார்த்த முகம்.

"மூணு மாசம்டி," என்றாள் மார்ஜின். குரல் உடைந்தது. "மூணு மாசமா நான் ஹால்ல கிடக்கேன். நீ இன்னிக்கு வந்தே."

கை இன்னும் சற்று நீண்டு பிழையின் மணிக்கட்டைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

"பிழை," என்று மார்ஜின் அவள் காதருகே கெஞ்சினாள். "உள்ளே போனதும் அவங்ககிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லேன்."